பொத்தானுக்குள் அடங்காத சொல்

போன கிழமை, மத்தியானச் சோறு தின்றுவிட்டுக் கண் அயரப்போன நேரம் பார்த்து, நம் பழைய மென்பொருள் அலுவலகத்தில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர். குரலில் மரியாதை வழிந்தது.

"அக்கா, பிழைப் பட்டியலைத் துப்புரவாக்கிறம். உங்கட காலத்துப் பிழை ஒண்டு இன்னும் திறந்தே கிடக்கு. சின்னப் போன்ல பொத்தான்ட எழுத்து வெட்டுப்படுதாம். அகலத்தைக் கொஞ்சம் கூட்டினாச் சரி. நான் திருத்தி மூடிவிடட்டா?"

எனக்கு நித்திரை பறந்துவிட்டது. தொடவேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னால் நீளும், எழுதி அனுப்புகிறேன், அதுவரைக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு இருங்கள் என்றேன். பாவம், பயந்துபோய் "ஓம் அக்கா" என்றார். அது எந்த ஓம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் அன்றைக்கே எழுத உட்கார்ந்தேன். அவருக்கென்று தொடங்கியது, இந்தத் தொழிலுக்குப் புதிதாய் வந்திருக்கிற உங்கள் எல்லோருக்குமாக ஆகிவிட்டது.

முதலில் அந்த ஓமைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. நான் வேலையில் சேர்ந்த புதிதில் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலுக்கு அறைப் பதிவு மென்பொருள் செய்யப் போனேன். அங்கே மனேஜர் பழகத் தங்கமான மனிதர். நான் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஓம் என்றார். ஒரே நாளில் ஒரே அறையை இரண்டு பேர் பதியலாமா என்று கேட்டேன். அதற்கும் ஓம் என்றார். ஏதோ ஹோட்டல் நடைமுறையாக்கும் என்று எழுதிக்கொண்டு வந்து அப்படியே செய்தும் கொடுத்தேன். சீசன் தொடங்கியதும் தேனிலவுக்கு வந்த இரண்டு சோடிகள் ஒரே அறையின் வாசலில் பெட்டிகளோடு நின்றார்கள்.

மனேஜரிடம் ஓடிப்போய்க் கேட்டால் அவர் கோபிக்கவே இல்லை. "நீங்க கேட்டது விளங்கினது எண்டுதான் ஓம் எண்டன். பதிலை மறுகா சொல்லுவம் எண்டிருந்தன், நீங்க அடுத்த கேள்விக்குப் போயித்தீங்க" என்றார்.

நம் முதலாளியை உங்களுக்குத் தெரியும். டவுனில் பறங்கிக் குடும்பம், என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் தொழிலில் எனக்குக் குரு அவர்தான். அன்றைக்கு அவர் திட்டவில்லை. சிரித்து முடித்த பிறகு, "அக்கா, இனி ஓமை எழுதாதீங்க. ஓம் எண்ட ஆள் மறுகா என்ன செய்யிறார் எண்டு பார்த்து அதை எழுதுங்க" என்றார். நான் ஓம் என்றேன். பிறகு நான் என்ன செய்தேன் என்பதுதான் இந்தக் கதை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரிய கம்பனிகளில் வாடிக்கையாளரிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறவர் ஒருவர், அதைப் பார்த்துக் கட்டுகிறவர் இன்னொருவர். ஏதும் பிழைத்தால் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளலாம், நிம்மதி. நம்முடையது வாவிக்கரையில், பேக்கரிக்கு மேலே, மேசைகள் முட்டிக்கொண்டிருந்த அலுவலகம். இரண்டு ஆட்களுக்கு இடமில்லை. அனலிஸ்டும் நான், டெவலப்பரும் நான். பிழை வந்தால் முகம் கழுவுகிற இடத்துக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று திட்டவேண்டும்.

கதிரவெளிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு கடற்றொழிலாளர் சங்கத்தில் இருந்து ஒரு வேலை வந்தது. கேட்கச் சின்ன வேலை. காற்றுக் குழம்பும் நேரத்தில் எந்தத் தோணி கடலில் நிற்கிறது, எது கரையில் நிற்கிறது என்று சங்கத்துக்குத் தெரியவேண்டும். தோணிக்காரர் ஒவ்வொருவரின் போனிலும் இரண்டு பொத்தான். கடலுக்கு இறங்கும்போது ஒன்றை அமர்த்தவேண்டும், திரும்பி வந்து மற்றதை அமர்த்தவேண்டும். சங்கத்து அறையில் ஒரு பெரிய திரை. கடலில் இருக்கிற தோணி நீலமாகத் தெரியும், கரையில் இருப்பது பச்சையாகத் தெரியும். ஆபத்தென்றால் திரையில் சிவப்புப் பொத்தானை அமர்த்தினால், நீலமாய் இருக்கிற தோணிக்காரர் எல்லோரின் போனும் காது கிழியக் கத்தும். அவ்வளவுதான்.

செய்வதற்கு எனக்குக் கனநாள் எடுக்கவில்லை. அந்த இரண்டு பொத்தானுக்கும் பெயர் வைக்கத்தான் எடுத்தது. நான் முதலில் 'புறப்பாடு', 'வருகை' என்று போட்டிருந்தேன். சங்கத்தின் பொருளாளர், புறப்பாடு சாமிக்குத்தான், மனிசருக்கு இல்லை என்றார். வருகை பள்ளிக்கூடத்து வரவு இடாப்பில் இருக்கிற சொல்லாம். சரியென்று 'கடல்', 'கரை' என்று மாற்றிக்கொண்டு போனேன். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறதாம். 'வெளியே', 'உள்ளே' என்று வைத்தேன். அதைப் பார்த்துச் சபை முழுக்க ஏன் அப்படிச் சிரித்தது என்று இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

ஒவ்வொரு முறையும் சொல்லை மாற்ற வாகரை றோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போய் வந்ததில் எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அந்தக் கோபத்தில் ஒரு வசதி செய்தேன். பொத்தானில் என்ன சொல் இருக்கவேண்டும் என்பதைச் சங்கத்தாரே தங்கள் கணினியில் தட்டி மாற்றிக்கொள்ளலாம். இனி நாளுக்கொரு பெயர் வையுங்கள், என்னை விடுங்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் அதைச் செய்தேன்.

கடைசிக் கூட்டத்தில் தலைவர் மேசையில் தட்டினார். அவர் கடலுக்குப் போவதை விட்டுக் கனகாலம், இப்போது பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். "நம்மட பேச்சிலயே வைங்க. போகக்குள்ள 'போறன்'. வரக்குள்ள 'வாறன்'. இதுக்குப் போய் இவ்வளவு கூட்டமா?" என்றார். எல்லோரும் ஓம் என்றார்கள். நான் எழுதிக்கொண்டேன். வடை வந்தது. எனக்கிருந்த சந்தோசத்தில் நாலைந்து தின்றேன்.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் இப்போதே தலையில் கைவைத்திருப்பீர்கள். வையுங்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒருவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. நாளும் பொழுதும் வாயில் கிடக்கிற சொல்லை ஆர் நின்று யோசிக்கிறார்கள்?

திரையைப் பார்த்துக்கொள்ள மலர் என்ற பெண்ணைச் சங்கம் வைத்தது. கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு. ஒருமுறை காட்டினால் போதும், பிடித்துக்கொள்வாள். அவளுடைய புருசன் ஜெகனுக்கும் தோணி இருந்தது. சிவப்புப் பொத்தானைச் சோதித்துப் பார்த்த அன்று திரையில் ஒரேயொரு தோணி நீலமாக நின்றது. அமர்த்தினோம், அந்த ஆளின் போன் கத்தியது என்று மறுமொழியும் வந்தது. சோதனை சரி என்று நான் குறித்துக்கொண்டேன். அந்த ஆள் அப்போது கடலில் நின்றாரா என்று நான் கேட்கவில்லை.

பிறகு அலுவலகத்தில் இருந்தபடியே நான் திரையைப் பார்ப்பேன். எப்போது பார்த்தாலும் பச்சை. நான் பார்ப்பது அலுவலக நேரம், அதற்குள் எல்லோரும் கரைக்கு வந்திருப்பார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். முதலாளி ஒருநாள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாரும் கரையில எண்டா மீனை ஆர் அக்கா பிடிக்கிற?" என்றார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

வேலையை முறைப்படி ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கப் போன அன்றைக்கு மாரி தொடங்கியிருந்தது. வானம் காலையிலேயே கறுத்துக் கிடந்தது. தலைவர் எனக்குச் சோடா வாங்கிவரத் தன் கடைக்குப் போயிருந்தார். மலர் பின்பக்கம் நண்டுக் கறி காய்ச்சிக்கொண்டிருந்தாள். வாசம் மூக்கைத் துளைத்தது. நான் மட்டும் திரைக்கு முன்னால் மகாராணியாட்டம் உட்கார்ந்திருந்தேன்.

சங்கத்துப் போன் அடித்தது. எடுத்தேன். மாவட்டத்தில் இருந்து ஒரு அதிகாரி. இரவுக்குத்தான் வரும் என்று சொன்ன காற்று இன்னும் கொஞ்ச நேரத்தில் அடிக்கப்போகிறது, உங்கள் பக்கத்தில் கடலில் ஆராவது நிற்கிறார்களா என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். மேலிருந்து கீழ்வரை பச்சை. இதற்காகத்தானே இவ்வளவு பாடுபட்டேன் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ஒருத்தரும் இல்ல சேர். எல்லாரும் கரையில" என்றேன்.

அந்த மனிதரும் சந்தோசப்பட்டார். அப்படியென்றால் இருக்கிற மீட்புப் படகை வேறு பக்கம் அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மலர் சோற்றுக் கோப்பையோடு வந்தாள். மற்றக் கையில் கறிக் கரண்டி. நான் பெரிய மனுசத்தனமாக, இந்தக் காற்றுக்கு ஆம்பிளைகள் எல்லோரும் வீட்டில் இருப்பது எவ்வளவு நல்லது பார்த்தாயா என்றேன்.

"ஆர் வீட்ட?" என்றாள் மலர்.

திரையைக் காட்டினேன். ஜெகனின் பெயருக்கு நேரே பச்சை. காலையில் 'வாறன்' என்று அமர்த்தியிருந்தான்.

"ஓம் அக்கா. விடிய வாறன் எண்டு அமத்தித்துப் போனவர். இன்னும் வரல்ல."

எனக்கு விளங்கவில்லை. வாறன் என்று அமர்த்தினால் வந்துவிட்டான் என்றுதானே பொருள் என்று கேட்டேன். மலர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"போகக்குள்ளதானே அக்கா வாறன் எண்டு சொல்லுற?"

அப்போ மற்றப் பொத்தான், அந்தப் 'போறன்', அதை ஆர் அமர்த்துகிறார்கள் என்று கேட்டேன். மலர் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"கடலுக்குப் போற மனிசன் போறன் எண்டு சொல்லுவாரா? வீட்ட சண்டை பிடிச்சாத்தான் அப்படிச் சொல்லுவாங்க. அண்டைக்குப் பொருளாளர்ட மருமகன் மட்டும் அமத்தினவர். அவர் கடலுக்குப் போகல்ல, கோவிச்சித்துத் தாய் வீட்ட போனவர்."

அதாவது என் சோதனையில் கத்திய போன், கடலில் இல்லை, அந்த மனிதனின் தாய் வீட்டில் கத்தியிருக்கிறது.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, அன்றைக்குக் காலையில் நாவற்குடாவில் என் வீட்டுப் படியில் இருந்து இறங்கும்போது நானும் என் புருசனிடம் "அப்ப வாறன்" என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். போறன் என்று சொல்லி நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டதே இல்லை. யாராவது சொன்னால் அப்படிச் சொல்லாதே என்று வாயைப் பொத்துகிற ஆள் நான். இவ்வளவு காலமும் அந்தச் சங்கத்து ஆட்கள் போகும்போதும் வாறன், வந்த பிறகும் வாறன் என்று ஒரே பொத்தானைத்தான் அமர்த்தி வந்திருக்கிறார்கள். பச்சை என்றால் நல்லபடியாகப் போயிருக்கிறார்கள் என்று மலர் நினைத்துக்கொண்டிருந்தாள். நல்லபடியாக வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே திரைக்கு முன்னால் இருந்து இருவரும் சந்தோசமாக இருந்திருக்கிறோம்.

வெளியே தென்னைகள் ஆடத் தொடங்கியிருந்தன. மலர் கரண்டியை மட்டும் கீழே வைக்காமல் நின்றாள்.

இந்த இடத்தில் நீங்கள் கவனிக்கவேண்டியது ஒன்று. எனக்கு அப்போது வந்த முதல் ஆசை, பிழை எங்கே என்று தேடுவது. டெவலப்பருக்கு அதுதான் வரும், கை தானாகவே மடிக்கணினிக்குப் போகும். அதை விட்டுவிட்டுப் போனை எடுத்து அந்த அதிகாரியைத் திரும்பக் கூப்பிட்டேன். அன்றைக்கு நான் செய்ததில் உருப்படியான முதல் வேலை அதுதான். நான் சொன்னது பிழை, ஆட்கள் கடலில் நிற்கிறார்கள் என்றேன். எத்தனை பேர் என்று கேட்டார். தெரியாது என்றேன். உங்கள் கணினி என்ன சொல்கிறது என்று கேட்டார். கணினி சொல்வதை விடுங்கள் சேர், படகை அனுப்புங்கள் என்றேன். அவர் பேசிய பேச்சை நான் வாங்கிக்கொண்டேன். வாங்கவேண்டிய பேச்சுத்தான். ஆனால் படகைத் திருப்பி அனுப்பினார்.

அந்தப் படகு வர நேரம் எடுக்கும். அதற்கு முன் ஆட்களே திரும்பவேண்டும் என்றால் போன்கள் கத்தவேண்டும். சிவப்புப் பொத்தானுக்குப் போனேன். அது சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. கீழே ஒரு வசனம்: 'கடலில் ஒருவரும் இல்லை. நன்றி.' அந்த நன்றியைப் போட்டதும் நான்தான். நேரே தரவுத்தளத்துக்குள் கைவைத்து எல்லாவற்றையும் ஒரே அடியில் நீலமாக்கலாம். ஆனால் அதற்கு டவுனில் நம் அலுவலகத்தில் இருந்துதான் நுழைய முடியும். முதலாளிக்கு எடுத்தால், டவுனில் கரன்ட் போய்விட்டது, எப்போது வருமென்று தெரியாது என்றார்.

ஒரு வழிதான் மிஞ்சியது. போனைத் தொலைத்தவர்களுக்காக நான் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். தோணிக்காரருக்குப் பதிலாக மலர் சங்கத்துக் கணினியில் இருந்து அந்தப் பொத்தான்களை அமர்த்தலாம். எல்லாப் பெயருக்கும் போறன் என்று அமர்த்து, எல்லாம் நீலமாகும், போன்கள் கத்தும் என்றேன். மலர் உட்கார்ந்தாள். முதல் பெயரில் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். கை அசையவில்லை.

"மற்றவட புருசனுக்கு நான் எப்படி அக்கா இதை அமத்துற?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. இது வெறும் பொத்தான், கடலுக்கும் இதுக்கும் ஒரு தொடுப்பும் இல்லை, சாத்திரம் பார்க்கிற நேரமா என்று கத்தினேன். அவள் எழும்பி நின்று கதிரையைக் காட்டினாள்.

"அப்ப நீங்க அமத்துங்க."

அமர்த்துகிறேன் பார் என்று உட்கார்ந்தேன். வீம்புக்கு ஜெகனின் பெயருக்கே போனேன். ஜன்னல் கதவு படார் என்று அடித்தது. பின்னால் மலர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. போறன் என்ற சொல்லுக்கு மேல் அம்புக்குறி நின்றது. என் மகனின் கலியாணத்துக்குச் சாதகம் பார்க்கமாட்டேன் என்று சொந்தபந்தத்தோடு எல்லாம் சண்டை பிடித்தவள் நான். என் விரல் இறங்கவில்லை. சத்தியமாக இறங்கவில்லை.

அப்போது எனக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மனதைக் கல்லாக்கிக்கொண்டு, மலரையும் அழவைத்து, ஒவ்வொரு பெயராக அமர்த்துவது. மற்றது, சொல்லை மாற்றுவது. படித்த மனிதர் ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால், புயல் வருகிற நேரத்தில் இவள் பொத்தானுக்குப் பெயர் மாற்றுகிறாள் என்று என்னைப் பைத்தியம் என்றிருப்பார். நல்லவேளை, அப்படி ஒருவரும் அங்கே இருக்கவில்லை. முன்பு கோபத்தில் செய்த அந்தப் பெயர் மாற்றும் வசதியைத் திறந்தேன். 'போறன்' என்பதை அழித்து 'போயிட்டு வாறன்' என்று தட்டினேன். 'வாறன்' என்பதை அழித்து 'வந்திட்டன்' என்று தட்டினேன். சேமித்தேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நான் தெரிந்த சாமி எல்லாவற்றையும் கூப்பிட்டேன். திரை மாறியது.

மலர் அதை வாசித்தாள். என்னைக் கதிரையால் தள்ளாத குறையாக எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அவள் அமர்த்திய வேகத்தை நான் வேறெங்கும் காணவில்லை. ஒவ்வொரு பெயரையும் வாய்க்குள் சொல்லி, 'போயிட்டு வாறன்' என்றும் சொல்லிச் சொல்லி அமர்த்தினாள். பச்சை எல்லாம் நீலமாகிக்கொண்டே வந்தது. சிவப்புப் பொத்தானுக்கு உயிர் வந்தது. ஓங்கிக் குத்தினாள்.

கடலில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. கரையில் நடந்தது தெரியும். எல்லாப் பெயரையும் நீலமாக்கியிருந்தோமே, வீட்டில் இருந்தவர்களின் போனும் சேர்ந்து கத்தியது. நித்திரையில் கிடந்தவர்கள் சாரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் பாதிச் சவரத்தோடு வந்தார். சோடாப் போத்தல்களோடு மோட்டார் சைக்கிளில் வந்த தலைவர், தன் பழைய தோணியின் பேரில் பதிந்திருந்த போன் பொக்கற்றுக்குள் கத்திய கத்தலில் சைக்கிளை வேலிக்குள் விட்டார். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கக் கடற்கரையில் நின்றது. அப்போதுதான் எனக்குப் பட்டது, அதிகாரி கேட்ட கேள்விக்கு விடை இதுதானே. மணலில் நிற்கிறவர்கள் கரையில் இருக்கிறார்கள். பெண்சாதி மட்டும் நிற்கிற வீட்டுத் தோணி கடலில் இருக்கிறது. அந்தப் பெண்களிடம் கேட்டு அதிகாரிக்குப் பெயர் பெயராகச் சொன்னேன்.

மழை இறங்கியது. தோணிகள் ஒன்றொன்றாக வந்தன. ஆம்பிளைகள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இழுத்தார்கள். வந்த ஒவ்வொரு தோணிக்கும் ஒரு பெண் கூட்டத்தில் இருந்து பிரிந்து போனாள். கடைசியில் மலர் மட்டும் தனியே நின்றாள். கையில் இன்னும் அந்தக் கரண்டி. நான் பக்கத்தில் போய் நின்றேன். நான் கட்டிய திரையை நம்பி நான் சொன்ன ஒரு பதில்தான் அங்கே வரவேண்டிய படகை வேறு பக்கம் அனுப்பியது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஜெகனின் தோணி தெரிந்தபோது முதலில் கண்டது மலர்தான். தோணியைத் தேடிப் போன படகும் அதற்குப் பின்னாலேயே வந்தது. ஜெகன் இறங்கி வரும்போதே ஏசிக்கொண்டு வந்தான். போன் பேய் பிடித்ததுபோல் கத்தியதாம், பழுதாகிவிட்டது என்று ஐஸ் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு அதற்கு மேல் ஏறி இருந்தானாம். மற்றத் தோணிகள் திரும்பிப் போவதைக் கண்ட பிறகுதான் இவனுக்கு யோசனை வந்திருக்கிறது.

"நான்தான் விடியவே வாறன் எண்டு அமத்தித்துப் போனனே. மறுகா என்னத்துக்குக் கூப்பிட்ட?" என்றான்.

"போனை எடுங்க" என்றாள் மலர்.

எடுத்தான். ஐஸில் விறைத்துப்போயிருந்தது.

"வந்திட்டன் எண்டு இருக்கும். அமத்துங்க."

"கண்ணுக்கு முன்னால நிக்கிறன். இன்னும் என்னத்த அமத்த?"

"அமத்துங்க."

ஈர விரலுக்குப் போன் மசியவில்லை. சாரத்தில் துடைத்தான், சாரமும் ஈரம். என் சேலைத் தலைப்பை நீட்டினேன். விரலைத் துடைத்துவிட்டு அமர்த்தினான். அதைக் கண்ணால் கண்ட பிறகுதான் மலர் விம்மி அழுதாள். அழுதுகொண்டே கரண்டியால் அவனுடைய தோளில் இரண்டு போட்டாள். நண்டுக் கறியை ஆறிப்போன பிறகு எல்லோருமாகத் தின்றோம்.

அத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். தலைவரை உங்களுக்குத் தெரியாது. அடுத்த கிழமையே கூட்டம் வைத்தார். நான் அவசரத்தில் 'போயிட்டு' என்று தட்டிவிட்டேனாம், நம் ஊர்ப் பேச்சில் அது 'போயித்து' என்றுதான் வரவேண்டுமாம். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை என்று கேள்வி.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. சின்னப் போன்களில் பொத்தான் ஒடுக்கம். 'போயிட்டு வாறன்' என்ற சொல் அதற்குள் அடங்கவில்லை. கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டு 'போயிட்டு வா' என்று மட்டும் தெரிந்தது. கறாரான ஆள் நான், உடனே பிழைப் பட்டியலில் பதிந்தேன். தம்பி, நீங்கள் கண்டது அதைத்தான். அகலத்தைக் கூட்டித் திருத்தியும் அனுப்பினேன். முழுச் சொல்லும் அழகாகத் தெரிந்தது. ஒரு பாராட்டு வரும் என்று காத்திருந்தேன்.

மலர் போன் எடுத்தாள்.

"அக்கா, பொத்தானை என்ன செய்த நீங்க? பழைய மாதிரி வைச்சித் தாங்க. எல்லாரும் குறைப்படுறாங்க."

முன்பு பிழையாக இருந்தது, இப்போதுதான் சரி என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். ஓம் ஓம் என்றாள். அது எந்த ஓம் என்று அந்த நேரம் எனக்குத் தெரிந்தது.

"அக்கா, அவங்க இறங்கிற நேரம் நாங்க எல்லாரும் நித்திரை. பிள்ளையள் எழும்பிருங்கள் எண்டு சொல்லாமத்தான் போவாங்க. கரையில நிண்டு அதை அமத்தக்குள்ள, அதுதான் அவங்களுக்குப் 'போயிட்டு வா' எண்டு சொல்லுறது. இப்ப அப்படிச் சொல்லுறதுக்கு ஒருத்தரும் இல்லையாம்."

அன்றைக்கே பழையபடி வெட்டிவிட்டேன். பட்டியலில் மூடவில்லை. திருத்தியாயிற்று என்று மூடினால் பொய். திருத்தத் தேவையில்லை என்று மூட நான் இவ்வளவையும் அங்கே எழுதவேண்டும், அதற்குக் காரணம் எழுதுகிற அந்தப் பெட்டியில் இடமில்லை. அதனால் திறந்தே கிடக்கிறது.

தம்பி, நீங்கள் சொன்னது சரிதான். அது பிழைதான், அகலத்தைக் கூட்டினால் தீரும். இப்போது ஏன் தொடவேண்டாம் என்றேன் என்பது விளங்கியிருக்கும். விளங்கியது என்று எனக்கு ஓம் போட்டு அனுப்பவேண்டாம். நாளைக்கு மலருக்குப் போன் எடுத்து, ஜெகனின் சின்னப் போனில் என்ன தெரிகிறது என்று கேட்பேன். 'போயிட்டு வா' என்று இருந்தால், நீங்கள் ஓம் என்றதாக எடுத்துக்கொள்கிறேன்.